கஷ்டப்பட்டா பக்குவம் வருமா? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி இதுதான்: "அப்பா போய் ஒரு வருஷமாகி ஆட்டைத்திவசம் வரப்போகுது. செத்த வீட்டுக்கு வந்த ஆக்கள் முழுப்பேரும் 'இது உன்னைப் பக்குவப்படுத்தும்' எண்டு சொன்னாங்க. எனக்கு ஒரு பக்குவமும் வரேல்ல, கோவம்தான் கூடிப்போச்சு. என்னில ஏதும் பிழையா? உண்மையாவே கஷ்டம் மனுசன வளர்க்குமா? கஷ்டம் தெரியாம வளர்ற பிள்ளை உருப்படாது எண்டு மாமியும் சொல்றா, அதுவும் சரியா?"

தம்பி, முதல்ல அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிடுறன். உங்களில பிழை ஒண்டும் இல்ல. நான் கொழும்பில உளவளத்துணை வேலை செய்யிற ஆள், தமிழில மனம் விட்டுக் கதைக்க ஆள் தேடி வாறவங்களோடதான் என்ட நாள் போகுது, அப்பாவோ அம்மாவோ போய் ஒரு வருஷத்தில ஞானியா வந்து இருந்த ஒருத்தரையும் நான் இன்னும் காணேல்ல. கோவத்தோட, நித்திரை இல்லாம, சும்மா சும்மா பெஞ்சாதி பிள்ளையளில எரிஞ்சு விழுந்துகொண்டு வாறவங்கதான் கூட. ஆனா கஷ்டம் ஒருத்தரையும் வளர்க்காது எண்டும் சொல்லமாட்டன், வளர்ந்த ஆக்களையும் பாத்திருக்கிறன். என்ட அபிப்பிராயம் என்னெண்டா, கஷ்டம் தானா ஒண்டும் படிப்பிக்கிறேல்ல, படிப்பு நடக்குதெண்டா அது கஷ்டம் கொஞ்சம் விலகி நிக்கிற நேரத்திலதான், வயித்துக்குச் சாப்பாடும் கண்ணுக்கு நித்திரையும் கேக்கிறதுக்கு ஒரு ஆளும் கிடைச்ச பிறகுதான். அந்த நேரம் கிடைக்காத ஆளுக்கு கஷ்டம் கஷ்டமாவே இருந்திட்டுப் போயிடும்.

இத விளங்கப்படுத்த எனக்குத் தெரிஞ்ச நல்ல கதை இந்த ஊர்ப் பன்சலை, அதாவது புத்த கோயில், சுவர்கள்லயே கீறி இருக்கு. சித்தார்த்தர் ஆறு வருஷம் காட்டில உடம்ப வருத்தினார், வயித்தத் தொட்டா முதுகெலும்பு கையில தட்டுப்படுற அளவுக்குப் பட்டினி கிடந்தார், துன்பம்தான் ஞானத்துக்கு வழி எண்டு அவரோட அஞ்சு பேர் கூட இருந்தாங்க. ஞானம் வரேல்ல. பிறகு சுஜாதா எண்ட பெண் ஒரு பாத்திரத்தில பால்சோறு கொண்டு வந்து குடுக்க அத வாங்கிச் சாப்பிட்டார், கூட இருந்த அஞ்சு பேரும் "இவர் வழி தவறிட்டார்" எண்டு விட்டுட்டுப் போயிட்டாங்க, அதுக்குப் பிறகுதான் போதி மரத்தடியில போய் இருக்கிறார். விட்டுட்டுப் போன அதே அஞ்சு பேருக்குத்தான் பிறகு முதல் உபதேசம், அதில உடம்ப வருத்திறதால ஒரு பிரயோசனமும் இல்லையெண்டு நேராவே சொல்றார். வெசாக்குக்கு வருஷா வருஷம் தன்சலில, அந்த இலவசச் சாப்பாட்டுப் பந்தலில, கியூவில நிண்டு சாப்பிடுற எங்கட ஆக்கள் இந்தக் கதையில இருக்கிற சாப்பாட்ட மட்டும் ஏனோ கவனிக்கிறேல்ல, ஆறு வருஷத் தவத்த மட்டும் பிடிச்சுக்கொள்ளுறாங்க.

சரி, இப்ப ஆராய்ச்சிப் பக்கம் வருவம். நீங்க கேக்கிற விஷயத்துக்கு ஒரு துறையே இருக்கு. அமெரிக்காவில நோர்த் கரோலினா பல்கலைக்கழகத்தோட சார்லட் வளாகத்தில ரிச்சர்ட் டெடெஸ்கி, லோரன்ஸ் கல்ஹூன் எண்டு ரெண்டு உளவியல் ஆக்கள் 1990களில இதுக்கு "மனவடுவுக்குப் பிந்திய வளர்ச்சி" எண்ட கருத்தில ஒரு பேர் வச்சு, 1996ல 21 கேள்வி உள்ள ஒரு அளவுகோலையும் செய்தாங்க. வாழ்க்கையோட அருமை விளங்கிறது, மற்ற மனுசரோட நெருக்கம், தன்ட பலம் தனக்குத் தெரிய வாறது, புது வழிகள் திறக்கிறது, ஆன்மீகம், இந்த அஞ்சு பக்கத்தாலயும் ஆள் மாறி இருக்கிறாரா எண்டு அது கேக்கும். இத மேற்கோள் காட்டுறவங்க விட்டுடுற ஒரு விஷயம் இருக்கு. அந்த ரெண்டு பேருமே சொன்னது சம்பவம் ஆளை வளர்க்கிறேல்ல, சம்பவத்துக்குப் பிறகு ஆள் அதோட மல்லுக்கட்டுறதில இருந்துதான் வளர்ச்சி வருது, வந்தாலும் வேதனையும் பக்கத்திலேயே இருக்கும் எண்டுதான். வளர்ந்திட்டா நோகாது எண்டு அவங்க எங்கயும் சொல்லேல்ல.

அந்த அளவுகோலிலயும் ஒரு சிக்கல் இருக்கு, அது "நீ மாறிட்டியா" எண்டு ஆளிட்டயே கேக்குது. நாங்க எங்களப் பற்றிச் சொல்றது எவ்வளவு உண்மை? 2009ல பட்ரீசியா ஃப்ரேஸியர் எண்டவவும் கூட இருந்தவங்களும் வெளியிட்ட ஆய்வில 1500க்கு மேற்பட்ட பல்கலைக்கழகப் பிள்ளைகள முதலே அளந்து வச்சிட்டு, சில கிழமை கழிச்சுத் திரும்பவும் அளந்தாங்க. இடையில பெரிய அடி ஒண்டு வாங்கின பிள்ளைகள் "நான் வளர்ந்திட்டன்" எண்டு சொன்னதுக்கும் அவங்க அளவில உண்மையா மாறினதுக்கும் பெரிசா தொடர்பு இல்ல. "வளர்ந்திட்டன்" எண்டு சொன்ன ஆக்களுக்கு மனவேதனை கூடித்தான் இருந்தது. நான் இத பொய் எண்டு சொல்லமாட்டன், அது தாங்கிக்கொள்ள ஆள் பிடிக்கிற ஒரு தடி, அந்த நேரத்தில அந்தத் தடிய ஒருத்தரிட்ட இருந்தும் பறிக்கக் கூடாது. ஆனா அதே தடியால மற்றவனுக்கு அடிக்கிறதுதான் பிரச்சினை, "நான் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தன், உனக்கென்ன கேடு" எண்டு.

அதோட கதை சொல்ல வாறது தப்பின ஆக்கள் மட்டும்தானே. 83 கலவரத்தில எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி பிறகு கடை வச்சு வீடு கட்டின மனுசனுக்கு கல்யாண வீட்டில மைக் குடுப்பாங்க. அதே நெருப்பில அதே கடைய இழந்து பிறகு எழும்பவே இல்லாத ஆள் எந்தக் கல்யாண வீட்டில வந்து கதைக்கிறார்? வள்ளுவர் வறுமையப் பற்றின நல்குரவு அதிகாரத்தில இத எப்பவோ சொல்லிட்டார், "நற்பொருள் நன்குணர்ந்து சொல்லினும் நல்கூர்ந்தார் சொற்பொருள் சோர்வு படும்" எண்டு. ஏழை எவ்வளவு விளங்கிச் சொன்னாலும் கேக்க ஆளில்ல. துன்பம் ஞானம் தரும் எண்டு எங்களுக்குத் தோன்றுறதுக்கு ஒரு பெரிய காரணம் இதுதான் எண்டு நினைக்கிறன், தோத்தவங்கட ஞானம் எங்கட காதுக்கு வாறதே இல்ல.

வள்ளுவர் எண்டதும் உடன "சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும் துன்பஞ் சுடச்சுட நோற்கிற் பவர்க்கு" எண்டு யாரோ சொல்லப் போறீங்க, எனக்குத் தெரியும், என்ட அப்பாவே இத பாத்ரூமில இருந்து பாடுவார். அது எந்த அதிகாரத்தில இருக்கெண்டு பாருங்க, தவம். தானா விரும்பி நோன்பெடுத்த ஆளப் பற்றின பேச்சு. ஆசுபத்திரி வார்ட்டில படுத்திருக்கிற ஆளுக்கு அத எடுத்துச் சொல்றது சரியில்ல. ஒளவை மூதுரையில அதே நெருப்ப வச்சு வேற கதை சொல்றா, "கெட்டாலும் மேன்மக்கள் மேன்மக்களே சங்கு சுட்டாலும் வெண்மை தரும்". நெருப்பு சங்க வெள்ளையாக்கேல்ல, அது ஏற்கனவே வெள்ளை. நான் வேலையில பாத்தத வச்சு ஒருத்தரைத் தெரிவு செய் எண்டா ஒளவைப் பக்கம்தான் நிப்பன்.

2022 ஞாபகம் இருக்கும்தானே. நாடு கடன் கட்ட ஏலாதெண்டு கைய விரிச்ச வருஷம், 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளெல்லாம் இருந்தது. வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கையில கேஸ் கியூவில ஆக்களுக்குப் பதிலா சிலிண்டர்கள்தான் நிக்கும், ஒண்டோட ஒண்டு சங்கிலி போட்டுக் கட்டி, மார்க்கரால வீட்டு நம்பர் எழுதி, இரவில ஒரு ஆள் கதிரை போட்டுக் காவல். மற்ற ஆளுக்கு இடம் பிடிச்சுக் குடுத்தவங்க இருந்தாங்க, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தன்ட முறைய விட்டுக் குடுத்தவங்களும் இருந்தாங்க. ஆனா அவங்க அதுக்கு முதலே அப்பிடியான ஆக்கள், லிஃப்ட் கதவப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற சனம். கியூவுக்கு நடுவில சிலிண்டரத் தள்ளினவங்களும் முதலே எங்களுக்குத் தெரிஞ்ச முகங்கள்தான். "நாடே பொறுமை படிச்சிட்டுது" எண்டு அப்ப எல்லாரும் கதைச்சம், கேஸ் தாராளமா வந்த பிறகு பாத்தா ஒரு வீட்டில நாலு சிலிண்டர் பதுக்கி வச்சிருக்கு. அதுவும் ஒரு படிப்புத்தான், பயம் படிப்பிச்ச படிப்பு. துன்பம் ஏதோ ஒண்டப் படிப்பிக்கும், அது ஞானமாத்தான் இருக்கோணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல.

சங்குக் கதைய முழுக்க ஏத்துக்கொண்டா ஆள் மாறவே மாட்டார் எண்டு வந்திடும், அதுவும் சரியில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு அன்ரி இருக்கிறா. மகனை நோயில பறிகுடுத்தவ. இப்ப 138 பஸ் பிடிச்சு மஹரகம புற்றுநோய் ஆசுபத்திரிக்குப் போவா, வடக்கில இருந்தும் மலையகத்தில இருந்தும் சிங்களம் தெரியாம வாற சனத்துக்கு எந்த அறையில துண்டு குடுக்கிறது, எங்க மருந்தெடுக்கிறது, எந்தக் கடையில சோத்துப் பார்சல் மலிவு எண்டு காட்டிக் குடுப்பா, ஃபிளாஸ்க்கில பிளேன்டி இருக்கும். "எல்லாம் நன்மைக்கே" எண்டு அவ வாயில வந்து நான் கேட்டதே இல்ல, அழுறவங்களுக்குப் பக்கத்தில இருந்து பிளேன்டிய ஊத்திக் குடுப்பா, அவ்வளவுதான். நான் ஒருக்கா உங்களுக்கு இது பெரிய மாற்றம்தானே அன்ரி எண்டு கேட்டதுக்கு, "அவன் இருந்திருந்தா நான் இதொண்டும் தெரியாம சீரியல் பாத்துக்கொண்டு கிடந்திருப்பன், எனக்கு அதுதான் காணும்" எண்டா.

அந்தப் பதில ரெண்டு தரம் வாசியுங்க. அவ வளர்ந்தவதான், ஆனா அந்தக் கணக்கு லாபம் எண்டு அவ ஒரு நாளும் சொல்லேல்ல. மகன் போன பிறகு அவட தங்கச்சி வந்து மாசக்கணக்கா அந்த வீட்டு அடுப்படியப் பாத்தா, மனுசன்ட பென்ஷன் வந்துகொண்டிருந்தது, பின்னேரத்தில ஒரு சிநேகிதி வந்து ஒண்டும் கதைக்காமலே கூட இருப்பா. அதே மாதிரி இழப்பு வந்த இன்னொரு பெண்ணையும் தெரியும், ஏழாம் நாளே வேலைக்குப் போய் மெஷினுக்கு முன்னால இருந்தவ, கடன் தவணை, வீட்டு வாடகை. அவவ இப்ப எல்லாரும் "சரியான கடுகடுப்பு" எண்டு சொல்றாங்க. இந்த ரெண்டு பேருக்கும் இடையில நான் காணுற பெரிய வித்தியாசம் இதுதான், மனத்தைரியம் எண்டு சொல்லி எனக்கு இத முடிக்க ஏலாது.

இது நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்றதெண்டு நினைக்காதீங்க. 2013ல வெளிவந்த ஒரு ஆய்வு தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரில செய்தது. கரும்பு வெட்டிக் காசு கைக்கு வாறதுக்கு முதலும் வந்த பிறகும் அதே ஆளுக்கு அதே மாதிரி யோசிக்கிற திறனப் பாக்கிற சோதனை குடுத்தாங்க, காசு வந்த பிறகு அதே ஆள் கூடத் தெளிவா யோசிக்கிறார். பற்றாக்குறை மூளையில இடம் பிடிச்சுக்கொள்ளுது. சரி, ஞானத்துக்குத் தெளிவா யோசிக்கோணும், யோசிக்க இடம் வேணும், அந்த இடத்தையே கஷ்டம் தின்னுதெண்டா பிறகு என்னத்தப் படிக்கிறது? உடம்பு வலியும் இப்பிடித்தான். கையில சூடு பட்டா இழுத்துக்கொள்ள வைக்கிற வலி பிரயோசனமானது, ஆனா மாசக்கணக்கா நீடிக்கிற வலியில நரம்புத் தொகுதியே கூர்மையாகி, முதல் நோகாததும் பிறகு நோகத் தொடங்கும்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நடந்ததையும் சொல்லோணும். வெளிநாட்டில இருந்து உளவளத்துணை எண்டு சொல்லிக் கனபேர் வந்தாங்க, நடந்தத உடனயே வாய்விட்டுச் சொல்ல வச்சா மனம் ஆறும் எண்டு ஒரு நம்பிக்கை அப்ப இருந்தது. அதுக்கு ரெண்டு வருஷம் முதலே, 2002ல வந்த கொக்ரேன் தொகுப்பாய்வு, அதாவது பல மருத்துவ ஆய்வுகளச் சேர்த்துப் பாக்கிற ஆய்வு, ஒருக்கா இருத்திக் கதைக்க வைக்கிற அந்த முறையால பிரயோசனம் தெரியேல்ல, சிலருக்குக் கெடுதலாவும் முடியலாம் எண்டு சொல்லிட்டுது. இப்ப உலக சுகாதார நிறுவனம் சொல்ற உளவியல் முதலுதவியில முதல் வேலை பாதுகாப்பு, சாப்பாடு, தண்ணி, சொந்தக்காரரோட சேர்த்து விடுறது. திரும்பவும் பால்சோறுதான். எங்கட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநலப் பேராசிரியரா இருந்த தயா சோமசுந்தரம் கனகாலமா எழுதி வாறதும் இதோட ஒத்துப் போகும், எங்கட சனத்துக்கு மனவடு தனியாளுக்கு மட்டும் வாறேல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்து வாறது, அதால ஆறுறதும் எல்லாரும் சேர்ந்துதான் எண்டு.

எட்டுச் செலவு, அந்தியேட்டி, 31ஆம் நாள், ஆட்டைத்திவசம் எண்டு செத்த ஆளுக்குச் செய்யிற சடங்கெல்லாம் என்னத்துக்கு எண்டு நினைக்கிறீங்க? ஆத்மா எங்க போகுதெண்டு எனக்குத் தெரியாது, ஆனா உயிரோட இருக்கிறவனுக்கு அது அடுப்பு மூட்டாம இருக்கிற உரிமை, ஊர் வந்து சமைச்சுப் போடுற நாட்கள். கொழும்பில அது எப்பிடிச் சுருங்கிப் போச்செண்டு உங்களுக்கே தெரியும், மலர்ச்சாலையில ஒண்டரை நாள், கனத்தைச் சுடலையில எரிச்சிட்டு வந்து ஃபிளாட்ட கழுவினா திங்கட்கிழமை ஒஃபிஸ். வாறவங்களும் கொண்டு வாற சோடாவக் குடிச்சிட்டு அரை மணித்தியாலத்தில "பக்குவப்படுத்தும்" எண்டு சொல்லிட்டு பார்க்கிங் பிரச்சினையில ஓடிடுவாங்க. உங்களுக்குக் கோவம் வராம என்ன வரும்?

கோவம் எண்டதால இன்னொண்டு. எல்லாத் துன்பத்துக்கும் பதில் வளர்ச்சி இல்ல, சிலதுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் வேற இருக்கு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில பிள்ளைகள இழந்த ஆக்களும் சேர்ந்து வழக்குப் போட்டுத்தான் 2023 ஜனவரியில உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியப் பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அவங்களிட்டப் போய் "இதால நீங்க பக்குவப்பட்டிருப்பீங்க" எண்டு சொல்ல யாருக்கு வாய் வரும்? காணாமல் ஆக்கப்பட்டவங்கட அம்மாமார் 2017 பெப்ரவரியில கிளிநொச்சியில றோட்டில இருக்கத் தொடங்கினவங்க, பதில் கிடைக்காமலே கனபேர் போயும் சேர்ந்திட்டாங்க. போலின் பொஸ் எண்ட அமெரிக்க ஆய்வாளர் இந்த மாதிரி ஆள் இருக்கோ இல்லையோ எண்டு முடிவு தெரியாத இழப்பப் பற்றித்தான் வாழ்நாள் முழுக்க எழுதினவ. செத்த வீடும் செய்ய ஏலாது, அந்தியேட்டியும் செய்ய ஏலாது. "பிறகு" எண்ட ஒண்டே வராத துன்பத்தில இருந்து ஞானம் எடு எண்டு கேக்கிறது அநியாயம்.

அந்தப் "பிறகு"க்குப் போய்ச் சேர முதல்ல ஆள் உயிரோட இருக்கோணும். 1995ல இந்த நாட்டில ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை, உலகத்திலயே கூடின அளவுகள்ல ஒண்டு. 2005 ஆகேக்க அது 24 அளவுக்கு வந்திட்டுது. அந்தப் பத்து வருஷத்தில யுத்தம் முடியேல்ல, கஷ்டமும் குறையேல்ல, ஆக்கள் திடீரெண்டு ஞானியாகவும் இல்ல. மிகக் கூடின நச்சுள்ள பூச்சிமருந்துகள் கடையில இருந்து தடை செய்யப்பட்டதுதான் ஆய்வாளர்கள் சொல்ற முக்கிய காரணம். ஒரு கெட்ட இரவக் கடந்து விட்டா பிறகு வாழ்ற சனம் எவ்வளவு எண்டு இந்த இலக்கம் சொல்லுது. உங்களுக்கும் அப்பிடி ஒரு இரவு வந்தா 1926க்கு எடுங்க, தேசிய மனநல இலக்கம், யோசிக்க வேண்டாம்.

இனி மாமி சொன்னது. அவ முழுக்கப் பிழை எண்டு சொல்லமாட்டன். 2010ல மார்க் சீரி எண்டவர் கூட்டாளிகளோட வெளியிட்ட ஆய்வில அமெரிக்காவில கிட்டத்தட்ட 2400 பேரப் பாத்ததில, ஒரு அடியும் வாங்காதவங்களவிட கொஞ்சம் வாங்கினவங்க பிறகு வந்த பிரச்சினைகளில தாக்குப் பிடிச்சாங்க, நிறைய வாங்கினவங்களவிடவும்தான். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு எண்டு ஒரு மாமியாலயும் அளந்து குடுக்க ஏலாது. மற்றப் பக்கம் கலிபோர்னியாவில செய்து 1998ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, சின்ன வயசில அடி, வசவு, வீட்டுக்குள்ள குடி, வன்முறை மாதிரியானதில நாலு வகையோ அதுக்கு மேலயோ அனுபவிச்சவங்களுக்கு பிறகு குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் 4 மடங்கில இருந்து 12 மடங்கு வரைக்கும் கூட எண்டு காட்டிச்சு. "கொடிது கொடிது வறுமை கொடிது, அதனினும் கொடிது இளமையில் வறுமை" எண்டு பாடினது சும்மாவா.

பிள்ளை தானா எடுத்த கஷ்டமும் நாங்க வலிஞ்சு குடுக்கிற கஷ்டமும் ஒண்டில்ல. மகன் பம்பலப்பிட்டி டியூஷனுக்கு 100 பஸ்ஸில தனியாப் போறன் எண்டா விடுங்க, இறங்கிற இடத்த விட்டுட்டு தெஹிவளையில இருந்து ஃபோன் எடுத்தா ஓடிப்போகாம அங்க இருந்து எப்பிடித் திரும்பி வாறதெண்டு மட்டும் சொல்லுங்க. கணக்குப் பிழைச்சா திரும்பச் செய்யட்டும், மட்ச் தோத்தா அழட்டும், அழேக்க பக்கத்தில இருங்க. ஆனா பழக்கோணும் எண்டு அடிக்கிற டியூஷன் மாஸ்டரிட்ட அனுப்ப வேண்டாம், சாப்பாட்ட நிப்பாட்ட வேண்டாம். உங்கட ஆட்டைத்திவசத்துக்கு மாமி வருவாதானே, அண்டைக்கு சமையல் முழுக்க அவவிட்டக் குடுத்திட்டு நீங்க அப்பாவத் தெரிஞ்ச பழைய ஆக்களோட போய் இருந்து கதையுங்க, கோவம் வந்தா கோவத்தையும் கதையுங்க.